விண்ணோடம் மேடையிலேயே நிற்கிறதா? சிமியுலேட்டர் ஏவலில் பிழை பிடிக்க முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் பழைய லப்டொப்பில் சிமியுலேட்டர் போட்டு விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) ஏவிப் பார்க்கும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணை, கவுண்ட்டவுன் வடிவாப் போகுது, பிறகு எல்லாம் நிண்டிடுது. ஏன்?" பதில் சொல்ல முதல் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்தச் செக்கனில் நின்றது?

விண்ணோட ஏவலில் பிழை தெரியும் இடமும் பிழை நடந்த இடமும் அநேகமாக ஒன்றல்ல. ரி-31 செக்கனில், அதாவது கவுண்ட்டவுனில் 31 செக்கன் மிஞ்சியிருக்கும்போது, கடிகாரம் நின்றால், ரி-5 நிமிடத்தில் தொடாமல் விட்ட சுவிட்ச் காரணமாக இருக்கலாம். ஏறும்போது மூக்கு ஆடினால், லப்டொப்பின் சூடு காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டி கவுண்ட்டவுனின் வரிசையிலேயே போகிறது. உங்கள் விண்ணோடம் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்பக்கமாக வாசியுங்கள்.

எந்த சிமியுலேட்டர்?

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, மார்ட்டின் ஷ்வைகர் எழுதி 2000-ம் ஆண்டில் முதன்முதலாக வெளிவிட்ட ஓர்பிட்டர். 2021-ல் அதன் மூலநிரலும் திறந்துவிடப்பட்டது. அதனுடன் வரும் அட்லாண்டிஸ் விண்ணோடம் மிக எளிது: எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் பக்கவாட்டு பூஸ்டர்கள் தாமாகவே பற்றிக்கொள்ளும். அதற்கு மேல் ஸ்பேஸ் ஷட்டில் அல்ட்ரா என்ற சேர்க்கையை (அட்-ஒன்) போட்டால் கொக்பிட் சுவிட்சுகள், கணினித் திரைகள் என்று உண்மையான நடைமுறைக்குள் இறங்க வேண்டும். இரண்டாவது, ஃப்ளைட்கியர். அதிலுள்ள விண்ணோடமும் ஆழமானது.

அட்லாண்டிஸில் ஏறிப் பழகாதவர் அல்ட்ராவுக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏதாவது நின்றால் சுவிட்சா, கணினியா, பறத்தலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஓர்பிட்டர் 2016-க்கு உயர்தரப் படப்பொதி ஒன்று உண்டு. பல பத்து ஜிகாபைட் வரும். இரவு டேட்டாவை அதில் கரைக்காதீர்கள். ஏவலுக்கு அது தேவையே இல்லை.

கவுண்ட்டவுனுக்கு முன்னால்: லப்டொப்பைச் சரிபாருங்கள்

"சிமியுலேட்டர் பிழை" என்று சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கும். பொறுமையாகப் போங்கள்.

ஓர்பிட்டரை வின்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுத வின்டோஸ் அனுமதிக்காது. சேமித்த நிலை தொலையும், அமைப்புகள் மாறாது. சி டிரைவிலோ டி டிரைவிலோ தனியாக ஒரு கோப்புறை போதும். சேர்க்கைகளை அதே கோப்புறையின் மேல் விரித்துப் போட வேண்டும். ஒரு மட்டம் உள்ளே தள்ளி விழுந்துவிட்டால், சிமியுலேட்டர் திறந்தவுடனேயே மூடிக்கொள்ளும். அப்போது ஓர்பிட்டர் கோப்புறைக்குள் இருக்கும் லொக் ஃபைலை (Orbiter.log) நோட்பேட்டில் திறந்து கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். எந்த மொட்யூலைத் தேடிக் கிடைக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும். படம் வரையும் சேர்க்கையான டி3டி9 கிராபிக்ஸ் கிளையண்டைப் பயன்படுத்துபவர்கள் டைரக்ட்எக்ஸ் 9-ன் 2010 ஜூன் தொகுப்பையும் போட்டிருக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாத வீடு என்றால் பென்டிரைவில் அதையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.

அடுத்தது கீபோர்ட். ஓர்பிட்டரில் எஞ்சினைக் கூட்டுவதும் குறைப்பதும் வலப்பக்க எண்பலகையின் கூட்டல், கழித்தல் விசைகளில். சின்ன லப்டொப்பில் அந்தப் பலகையே கிடையாது. "எஞ்சின் எரியவே இல்லை" என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். ஒன்றில் தனியாக ஒரு யுஎஸ்பி எண்பலகை வாங்க வேண்டும், அல்லது கீமேப் என்ற பெயருள்ள அமைப்பு ஃபைலை நோட்பேட்டில் திறந்து வேறு விசைகளுக்கு மாற்ற வேண்டும். எண்பலகை இருந்தும் வேலை செய்யாவிட்டால் நம்லொக்கைப் பாருங்கள். கூட்டல் விசையை மட்டும் அழுத்திவிட்டு விட்டால் எஞ்சின் அணைந்துவிடும். கொன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால்தான் உந்துவிசை அப்படியே நிற்கும்.

பிறகு சூடு. தகரக் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்கு ஏவினால், புரொசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை விழும். ஓர்பிட்டர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவைதான் கணக்குப் போடுகிறது. படம் குறைந்தால் கணக்குகளுக்கிடையிலான காலம் நீளும், ஆட்டோபைலட் பிந்திப் பிந்தித் திருத்தும். வெளியே பார்ப்பவருக்கு விண்ணோடம் தலையாட்டுவது போல இருக்கும். புகை எழும்பும் முதல் இரண்டு நிமிடங்களில்தான் கிராபிக்ஸ் பாரம் உச்சத்தில் இருக்கும் என்பதால் அங்கேயே அது வெளிப்படும். அமைப்புகளில் பார்ட்டிக்கிள் ஸ்ட்ரீம்ஸ் என்பதை அணைத்துவிடுங்கள், விசிறித் துவாரத்துச் செம்புழுதியை ஊதித் தள்ளுங்கள், இரவில் ஏவுங்கள். புகை இல்லாத ஏவல் அழகில்லைதான். முதலில் சுற்றுப்பாதைக்குப் போவோம், அழகு பிறகு.

கரண்டைப் பற்றியும் ஒரு சொல். ஓர்பிட்டரை ஒழுங்காக மூடினால்தான் கடைசி நிலை தானாகச் சேமிக்கப்படும். பற்றரி செத்த லப்டொப்பில், தோட்டத்து மோட்டர் போடும் நேரத்தில் வோல்ட்டேஜ் விழுந்தால் எல்லாம் போய்விடும். கொன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் உடனே ஒரு சேமிப்பு விழும். கவுண்ட்டவுன் ரி-9 நிமிடத்தில் நிற்கும்போது அதைச் செய்யுங்கள். எஞ்சின் பற்றிய பிறகு சேமித்த நிலைகளை நான் நம்புவதில்லை. சிக்கலான சேர்க்கைகளில் அவை திரும்பத் திறக்கும்போது குழம்பக்கூடும்.

ரி-9 நிமிடம்: கணினிகள்

விண்ணோடங்கள் கிளம்பிய அமெரிக்காவின் கென்னடி விண்வெளி நிலையத்திலும் ரி-9 ஒரு திட்டமிட்ட நிறுத்தமாகத்தான் இருந்தது. அங்கிருந்து தரையிலுள்ள தானியங்கி வரிசைக் கணினி பொறுப்பெடுத்தது. அதற்கு முன் விண்ணோடத்தின் ஐந்து கணினிகளும் சரியான நிலையில் இருக்க வேண்டும். முதல் நான்கும் ஒரே மென்பொருளை ஒன்றையொன்று சரிபார்த்தபடி ஓட்டும். ஐந்தாவதில் வேறொரு நிறுவனம் தனியாக எழுதிய காப்பு மென்பொருள்.

கொக்பிட் திரையின் மேல்பக்கத்தில் 101 என்று தெரிகிறதா என்று பாருங்கள். ஏவலுக்கு முந்தைய கட்டத்தின் எண் அது. தெரியாவிட்டால் விசைப்பலகையில் ஓ.பி.எஸ், 101, பிறகு புரோ என்ற வரிசையில் அழுத்த வேண்டும். புரோவை மறப்பவர்கள் ஏராளம். எண் கீழ் வரியில் நிற்கும், ஆனால் கணினி அதை எடுத்துக்கொண்டிருக்காது. ஐந்தாவது கணினியிலும் அதே 101 இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1981 ஏப்ரல் 10-ம் திகதி முதலாவது விண்ணோடம் கொலம்பியா கிளம்பாததே இதனால்தான். நான்கு கணினிகளுக்கும் ஐந்தாவதற்கும் இடையில் நேரம் மிகச் சிறிதளவு விலகியிருந்தது. காப்புக் கணினியால் மற்றவற்றோடு சேர முடியவில்லை. ஏவல் 12-ம் திகதிக்குத் தள்ளிப்போனது. உங்கள் சிமியுலேட்டரில் இரண்டும் ஒத்துவராவிட்டால், இடையில் நின்று சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டிருக்காமல் காட்சியை (சினாரியோ) முதலிலிருந்து திறப்பதுதான் குறுக்கு வழி.

ரி-5 நிமிடம்: ஏ.பி.யு

அதிகம் தவறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏ.பி.யு என்பவை ஐதரசீனில் ஓடும் மூன்று சிறிய விசையாழிகள். அவை ஹைட்ரோலிக் பம்புகளைச் சுழற்றும். பிரதான எஞ்சின்களின் எரிபொருள் வால்வுகளைத் திறப்பதும், எஞ்சின் வாய்களைத் திருப்புவதும், இறக்கையின் பின்விளிம்புகளை அசைப்பதும் அந்த ஹைட்ரோலிக் அமுக்கம்தான். ஏ.பி.யு இல்லாவிட்டால் தாங்கியில் ஐதரசனும் ஒட்சிசனும் நிரம்பியிருந்தும் எஞ்சினுக்குள் போகாது. இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தாலும் கதவைத் தூக்காமல் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராதது போலத்தான்.

சுவிட்சுகள் வலப்பக்க விமானியின் பக்கமுள்ள ஆர்2 பலகையில் இருக்கின்றன. வரிசை இது:

1. தண்ணீர் தெளிக்கும் குளிரூட்டிகளின் கட்டுப்பாட்டு மின்சாரத்தையும் நைதரசன் வழங்கலையும் மூன்றுக்கும் போடுங்கள்.
2. ஏ.பி.யு கட்டுப்பாட்டு மின்சாரத்தைப் போடுங்கள்.
3. பிரதான பம்பு அமுக்கத்தை "லோ" நிலையில் வையுங்கள்.
4. எரிபொருள் தாங்கி வால்வுகளைத் திறவுங்கள்.
5. "தயார்" காட்டிகள் மூன்றும் கோடுபோட்ட நிலையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும்வரை பொறுங்கள்.
6. ரி-5 நிமிடத்தில் ஒவ்வொன்றாக ஓட்டத்துக்கு மாற்றுங்கள்.
7. அமுக்கம் காட்டியதும் பம்புகளை "நோர்ம்" நிலைக்குக் கொண்டுபோங்கள்.

காட்டி சாம்பலாகவில்லையா? முதல் நான்கு படிகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது. மூன்றில் ஒன்று மட்டும் மாறவில்லை என்றால் அந்த ஏ.பி.யுவின் செங்குத்து வரிசையில் உள்ள சுவிட்சுகளை மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் பாருங்கள். ஏ.பி.யு ஓடுகிறது, ஆனால் ரி-31-ல் நிற்கிறது என்றால், அநேகமாக ஏழாவது படி. பம்பு இன்னும் "லோ"வில் இருக்கும். சத்தம் வருகிறது, காட்டி சாம்பல், எல்லாம் சரி என்று தோன்றும். அமுக்கம் மட்டும் போதாது.

ஆறாவது படியை முந்திச் செய்யவும் வேண்டாம். ஐதரசீன் அளவோடுதான் இருக்கிறது. தரையிறங்கவும் அதே எரிபொருள் வேண்டும்.

ரி-31 செக்கன்

இதுவரை தரைக் கணினி எண்ணியது. இந்தச் செக்கனில் அது விண்ணோடத்தின் கணினிகளிடம் கடிகாரத்தைக் கையளிக்கிறது. சிமியுலேட்டர்களில் கடிகாரம் உறையும் இடம் பெரும்பாலும் இதுவே, ஏனென்றால் விடுபட்டவற்றின் பட்டியல் முழுவதும் இங்கே கேட்கப்படுகிறது.

ஒழுங்காகப் பாருங்கள்: ஹைட்ரோலிக் மூன்றும் "நோர்ம்" நிலையிலா? ஐந்து கணினியும் 101-லா? எஞ்சின் கட்டுப்பாட்டு மின்சாரம் போட்டிருக்கிறதா? கதவுகளும் துவாரங்களும் ஏவல் நிலைக்கு வந்தனவா? இவை சரியென்றால் கடைசியாக ஒன்று: காலத்தை வேகப்படுத்தியிருந்தீர்களா? ஓர்பிட்டரில் 'ரி' (T) விசையை அழுத்தினால் காலம் பத்து மடங்காகும். அந்த வேகத்தில் கையளிப்புக்கான நொடியைச் சேர்க்கை தாண்டிக் குதித்துவிடலாம். ரி-9-ன் நிறுத்தத்தில் வேகப்படுத்துங்கள், பரவாயில்லை. ரி-5-க்குப் பிறகு ஒரு மடங்குதான்.

ரி-31-ஐத் தாண்டியபின் நின்றால் உண்மையிலும் அங்கிருந்து தொடர முடியாமல் இருந்தது. ரி-20 நிமிடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். நீங்களும் சேமித்த ரி-9-க்குத் திரும்புங்கள்.

ரி-6.6 செக்கன்: எஞ்சின் பற்றி அணைந்தால்

மூன்றாவது எஞ்சின், இரண்டாவது, முதலாவது என்று 0.12 செக்கன் இடைவெளியில் பற்றும். மூன்றும் 3 செக்கனுக்குள் 90 வீத உந்துவிசையை எட்ட வேண்டும். ஒன்று பிந்தினாலும் கணினி மூன்றையும் அணைத்துவிடும். பூஸ்டர்கள் பற்றுவது ரி-0-ல். திண்ம எரிபொருள் பற்றினால் அணைக்க முடியாது, ஆகவே திரவ எஞ்சின்களை முதலில் பற்றவைத்துச் சோதித்தார்கள்.

உண்மை விண்ணோடங்களில் இப்படி மேடையில் அணைந்தது ஐந்து தடவை. முதலாவது 1984 ஜூன் 26-ல் டிஸ்கவரி. கடைசியாக 1994 ஓகஸ்ட் 18-ல் எண்டெவர், ரி-0-க்கு 1.9 செக்கன் இருக்கும்போது. ஆகவே திரையில் அணைவதைப் பார்த்தால் சிமியுலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

காரணம் தேடும் வரிசை: முதலில் ஹைட்ரோலிக் அமுக்கம். அடுத்தது ஜோய்ஸ்டிக். ஜோய்ஸ்டிக்கின் வேகத்தண்டு பாதியில் நின்றால், சில சிமியுலேட்டர்கள் அதையே எஞ்சினுக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும்; 90 வீதம் எங்கே வரும்? ஏவல் முடியும்வரை அந்தத் தண்டின் இணைப்பை அமைப்பில் நீக்கிவிடுவதே நல்லது. மூன்றாவதாக, காட்சிக்குள் வேண்டுமென்றே பழுது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பயிற்சிக் காட்சிகளில் அப்படி இருக்கும்.

மேலே கிளம்பிய பிறகு

கோபுரத்தைத் தாண்டியதும் விண்ணோடம் சுழன்று தலைகீழாகப் படுக்கும். இது சரியான செயல். ஜோய்ஸ்டிக்கால் நிமிர்த்த முயல வேண்டாம். திரை 102-க்கு மாறியிருக்க வேண்டும். தவறான திசையில் சுழன்றால் இலக்குச் சாய்வு (சுற்றுப்பாதை பூமத்தியரேகையோடு ஆக்கும் கோணம்) தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சுழலாமல் நேரே போகிறதா? ஆட்டோபைலட் விடுபட்டிருக்கிறது. தேய்ந்த ஜோய்ஸ்டிக் நடுநிலையில் நில்லாமல் துடித்தால், சிமியுலேட்டர் அதை விமானியின் கை என்று எண்ணக்கூடும். சிறு அசைவுகளைக் கணக்கெடுக்காத டெட் ஸோன் அளவைக் கூட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. உண்மை விண்ணோடத்தின் கைப்பிடித் தடியிலேயே காப்புக் கணினிக்கு மாற்றும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் நான்கு கணினிகளும் கைவிடப்பட்டு ஐந்தாவது பொறுப்பெடுக்கும், ஏறும்போது திரும்பி வர முடியாது. விண்ணோடம் பறந்த 30 ஆண்டுகளில் எந்தப் பயணத்திலும் அது அழுத்தப்படவில்லை. உங்கள் ஜோய்ஸ்டிக்கில் அது விசைவில்லுக்கு (ட்ரிகர்) இணைக்கப்பட்டிருந்தால், விரல் பட்டாலே போதும். முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.

ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின்கள் 70 வீதத்துக்கு அருகே இறங்கி மறுபடி கூடும். காற்றின் அழுத்தம் உச்சமாகும் நேரம் அது, பழுதல்ல. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பூஸ்டர்கள் பிரியும். பிரியாமல் திரையில் பிரிவுத் தடை என்று வந்தால், விண்ணோடம் அளவுக்கு மிஞ்சிச் சுழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். கையை எடுங்கள், ஆட்டம் அடங்கட்டும், தானாகப் பிரியும். அட்லாண்டிஸில் அவசரத்துக்கு 'ஜே' விசை இருக்கிறது.

ஒரு எஞ்சின் அணைந்தால்? 1985 ஜூலை 29-ல் சலெஞ்சரில் நடு எஞ்சின் பறப்பின் ஆறாவது நிமிடத்தில் அணைந்தது. எஞ்சினில் கோளாறு இல்லை, வெப்பமானிகள் பொய் சொன்னன. இன்னொரு எஞ்சினிலும் அதே வெப்பமானி கெடத் தொடங்கியபோது, தரைக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த ஜெனி ஹவார்ட் தானியங்கி அணைப்பைத் தடைசெய்யச் சொன்னார். விண்ணோடம் கொஞ்சம் தாழ்ந்த சுற்றுப்பாதையை அடைந்தது. சிமியுலேட்டரிலும் அந்தச் சுவிட்ச் நடுப்பலகையில் இருக்கிறது. ஒரு எஞ்சின் போனதும், மற்ற இரண்டின் எண்கள் வழமையாக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் அதைத் தொட வேண்டும்.

எட்டரை நிமிடம்: அடைந்துவிட்டோமா?

எஞ்சின் அணைந்ததும் வெளித்தாங்கி பிரிய வேண்டும். பிரியாவிட்டால் மறுபடி ஆட்டமோ, எரிபொருள் குழாய் வால்வு மூடாததோ காரணம்.

இதற்குப் பிறகுதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. சுற்றுப்பாதைத் திரையில் மிகக் கிட்டிய தூரம் 6.43 மில்லியன் மீட்டர் என்று காட்டும். பெரிய எண்ணைக் கண்டு நிம்மதியாகக் காலத்தை வேகப்படுத்துவார்கள், சிறிது நேரத்தில் விண்ணோடம் எரிந்துவிடும். ஓர்பிட்டர் அங்கே காட்டுவது பூமியின் மையத்திலிருந்து தூரம். பூமியின் ஆரை 6,371 கிலோமீட்டர். கழித்தால் மிஞ்சுவது 59 கிலோமீட்டர், அதாவது வளிமண்டலத்துக்கு உள்ளே. திரையின் பக்கத்திலுள்ள டி.எஸ்.டி (DST) பொத்தானை அழுத்தி உயரமாக மாற்றிவிடுங்கள்.

அந்தத் தாழ்ந்த பக்கத்தை உயர்த்த, அதிக உயரத்தை எட்டும் நேரத்தில், ஏவி ஏறத்தாழ 40 நிமிடத்தில், பின்பக்கத்துச் சிறிய எஞ்சின்களை எரிக்க வேண்டும். 105 திரை அதற்குத்தான். மூக்கைப் போகும் திசைக்குத் திருப்பி எரியுங்கள்; தலைகீழாகவா நேராகவா என்பது முக்கியமில்லை.

விண்வெளி நிலையத்தைப் பிடிக்க வேண்டுமென்றால்

சுற்றுப்பாதை சரி, ஆனால் நிலையத்தின் பாதைக்குக் குறுக்கே போகிறது என்றால் பிழை ஏவும் நேரத்தில் இருக்கிறது. நிலையத்தின் சாய்வு 51.6 பாகை, கென்னடி மேடையின் அகலாங்கு ஏறத்தாழ 28.6. கணக்குப் போட்டால் வடகிழக்காக 45 பாகைத் திசை வரும். பூமியின் சுழற்சிக்காகச் சில பாகை வடக்கே திருத்த வேண்டும். இலக்குச் சாய்வை மட்டும் கேட்கும் ஆட்டோபைலட் இந்தத் திருத்தத்தைத் தானே செய்யும். திசையைக் கேட்பதென்றால் நீங்கள் செய்ய வேண்டும். (அங்கே பூமி கொடுக்கும் தள்ளு செக்கனுக்கு ஏறத்தாழ 408 மீட்டர். இரணைமடுவில் ஒரு மேடை கட்டினால் 459 கிடைக்கும். ஆசைப்படுபவர்கள் ஓர்பிட்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதிக் கட்டிப் பார்க்கலாம்.)

மேடை நிலையத்தின் பாதைக்குக் கீழே வரும் நிமிடத்தில் ஏவ வேண்டும். பூமி 4 நிமிடத்துக்கு 1 பாகை சுழல்கிறது. 5 நிமிடம் பிந்தினால் இரண்டின் சுற்றுப்பாதைத் தளங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 1 பாகை விலகல். அலைன் திரையில் அந்த விலகலைக் காட்டும் ஆர்.இன்க் (RInc) என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு பாகையைத் திருத்தச் செக்கனுக்கு ஏறத்தாழ 135 மீட்டர் வேகமாற்றம் தேவை. சிறிய எஞ்சின்களிடம் மொத்தமாக இருப்பது 300 மீட்டர் அளவு, அதில் திரும்பி இறங்கவும் 100 அளவு ஒதுக்க வேண்டும். ஆகவே அரைப் பாகைக்குள் என்றால் மேலே திருத்துங்கள். அதற்கு மேல் என்றால் எரிபொருளை வீணாக்காமல் ரி-9 சேமிப்பைத் திறந்து, ஆர்.இன்க் எந்தப் பக்கம் குறைகிறது என்று பார்த்துக் காட்சி எடிட்டரில் திகதி நேரத்தை இரண்டு மூன்று நிமிடம் நகர்த்துங்கள்.